ஐம்பதில் இறுகிய வளையம்

செர்னோபிலில் அணு உலை வெடித்த வருசம் அது. எத்தனையாம் ஆண்டு என்று கேட்டால் விரல் மடித்து யோசிப்பேன். சலாது கழுவிய வருசம் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். அந்த வசந்தத்தில் காற்று எங்கள் பக்கம் அடித்ததாம், மழையோடு ஏதோ இறங்கியதாம், சலாது மாதிரி இலை மரக்கறிகளை நல்ல வடிவாகக் கழுவுங்கள் என்று றேடியோவில் சொன்னார்கள். வெடித்தது உக்ரைனில். கழுவியது சுவிஸில், இன்டர்லாக்கனில், ஒரு ஹோட்டல் குசினியில், நான். ஒரு இலைக்கு மூன்று தண்ணீர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மற்றப் பக்கம் திருப்பி, மறுபடியும் பார்ப்பேன். (கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஊத்தை மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.)

அதைப் பார்த்துத்தான் எங்கள் சமையல் தலைவர் வேர்னருக்கு என்மேல் ஒரு பிடிப்பு வந்தது. நாங்கள் எல்லோரும் அவரை ஷெஃப் என்போம். ஆறடிக்கு மேலே உயரம், கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை. மூக்கு மட்டும் அபாரம். ஒரு இறைச்சித் துண்டை மணந்துவிட்டு, எந்தக் கிழமை வந்தது, எந்தத் தட்டில் இருந்தது, பக்கத்தில் வெங்காயம் இருந்ததா என்று சொல்வார். "இவன் கழுவினால் கழுவினதுதான்" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னார். (அவர் பேர்ன் டொய்ச்சில், அந்தப் பக்கத்து ஜெர்மன் பேச்சில், சொன்னதை எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன். முழுக்க விளங்கியது என்று நினைத்துவிடாதீர்கள். அரைவாசி, அவர் முகத்தைப் பார்த்து விளங்கியது.)

அங்கேயே நின்றிருக்கலாம். ஒரு மனிசனுக்குச் சலாது கழுவுகிற பெயர் போதாதா? எனக்குப் போதவில்லை.

என்னுடைய வருத்தம் என்னவென்றால், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டவனுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. யாராவது எதையாவது கேட்டால் தலை தானாகவே ஆடும், வாய் "ஓம், ஓம், தெரியும்" என்று சொல்லும், பிறகுதான் மூளை எழும்பி என்ன விசயம் என்று கேட்கும்.

ஆவணி மாதம், வேலையாட்கள் சாப்பிடுகிற மேசையில் ஷெஃப் வேட்டையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். வருசத்துக்கு ஒருதரம், செப்டெம்பரில், மலை ஏறி ஒரு கெம்ஸெ சுடுவார். கெம்ஸெ என்றால் அங்கத்தைய மலையாடு. கொளுக்கி மாதிரிக் கொம்பு, செங்குத்துப் பாறையில் படிக்கட்டில் நடக்கிற மாதிரி நடக்கும். அந்த இறைச்சி ஹோட்டல் சாப்பாட்டு அட்டையில் "எங்கள் ஷெஃப் தன் கையால் வேட்டையாடியது" என்று தனி வரியாக வரும். அதுதான் அவருடைய வருசத்துப் பெருமை. இரண்டு வருசமாக ஒன்றும் விழவில்லை. போதாததற்கு, துவக்குக்கு (துப்பாக்கிக்கு) மேலே பூட்டுகிற குறிபார்க்கும் குழாய், தகப்பன் காலத்துச் சாமான், உள்ளுக்குள் நீர் பூத்துக் கெட்டுவிட்டது.

சும்மா மரியாதைக்கு என் பக்கம் திரும்பி, "உன்ரை நாட்டிலை வேட்டை இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கு" என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"நான் பெரிய வேட்டைக்காரன், ஷெஃப்" என்றேன். "காட்டுப்பண்டி. முப்பது, நாப்பது."

எதிரே சூப் குடித்துக்கொண்டிருந்த குலத்தின் கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. குலம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன், சட்டி கழுவுகிறவன், ஊரில் எனக்குப் பக்கத்துத் தெரு. அதனால்தான் ஆபத்து.

அறைக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுத் தொடங்கினான்.

"மச்சான், எத்தினை பண்டி எண்டனி?"

"முப்பது சொன்னனான்."

"நாப்பதும் சொன்னனி. எப்ப சுட்டனி? உன்ரை அண்ணர் ஆக்கள் முல்லைத்தீவுப் பக்கம் வேட்டைக்குப் போகேக்கை, நீ சோத்துப் பானை தூக்கிக்கொண்டெல்லோ போனனி? முதல் வெடிக்கே பானையைப் போட்டிட்டு மரத்திலை ஏறினனியாம். உன்னை இறக்க ஏணி எடுக்கப் போனவையாம்."

"ஏணி ஒண்டும் எடுக்கேல்லை. கயிறு."

"ஓ, கயிறோ. அப்ப நீ வேட்டைக்காரன்தான்."

உண்மை அதுதான். ஆனால் பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அகதி விண்ணப்பத்துக்கு விசாரித்த ஐயாவிடம், துவக்குச் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு அடைக்கும், அதனால்தான் இந்த நாட்டுக்கு ஓடி வந்தேன் என்று நான் சொல்லி, அவர் எழுதி, நான் கையெழுத்தும் வைத்திருந்தேன். அது சத்தியமான உண்மை. இப்போது ஒரு குசினி முழுக்க, நான் நாற்பது பன்றி சுட்டவன். இந்த இரண்டு கதையும் எங்காவது ஒரு அரசாங்கக் கந்தோரில் சந்தித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று இரவிரவாக யோசிப்பேன். அந்தக் காலத்தில் பேப்பரில் எங்கள் அகதித் தமிழரைத் தோல் ஜாக்கெட் போட்ட சண்டியர்கள் என்று எழுதுவார்கள். என்னிடம் இருந்த ஒரே ஜாக்கெட் செத்துப்போன ஒரு கிழவருடையது, உதவி செய்கிறவர்கள் தந்தது. அதன் பையில் அவருடைய பல்லுக்குத்தி கூட இருந்தது. தோல் ஜாக்கெட்டோடு துவக்கும் என்றால் எழுதுகிறவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

ஆனாலும் சொன்னதை மாற்ற முடியாத ஒரு காரணம் இருந்தது. ஒக்ரோபரில் ஹோட்டல் பூட்டுவார்கள். பனிச்சறுக்குக் காலத்துக்குத் திறக்கும்வரை குசினியில் ஒரே ஒரு கைவேலை ஆளைத்தான் வைத்திருப்பார்கள், அந்த ஆளுக்குத்தான் குளிர்காலம் முழுக்க வேலை. போர்த்துக்கல்காரர்கள் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். எங்களுக்குப் போக ஊர் இல்லை. அகதி விடுதிதான், எட்டுப் பேர் ஒரு அறையில் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது. அந்த ஒரு ஆள் நானா குலமா என்று செப்டெம்பர் கடைசியில் ஷெஃப் முதலாளிக்குச் சொல்வார். இந்த நேரத்தில் போய், "ஷெஃப், நான் சொன்னது புளுகு" என்று எப்படிச் சொல்ல?

அடுத்த கிழமை ஓய்வு நாளில் ஷெஃப் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "வா, வேட்டைக்காரா. புதுக் குழாய் வாங்கப் போறன். நீயும் பாத்துச் சொல்லு."

தூன் நகரத்தில், ஆற்றங்கரையில், பச்சைக் கதவு போட்ட கடை. கடைக்காரர் சின்ன மனிசன், கண்ணாடி போட்டவர், சட்டைப் பையில் நாலு திருகாணிச் சாவி. மேசையில் ஒரு துணியை விரித்து இரண்டு குழாயை வைத்தார். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே நீளம். ஒன்று மொட்டையாக இருந்தது. மற்றதுக்கு முன் வாயைச் சுற்றி ஒரு வளையம், அதில் வெள்ளை எழுத்தில் 50, 100, 200, 300 என்று எண்கள், கடைசியில் ஒரு எட்டு விழுந்து படுத்திருந்தது. (அது முடிவில்லாத தூரம் என்று பிறகு அறிந்தேன். அன்றைக்கு அச்சுப் பிழை என்று நினைத்தேன்.)

கடைக்காரர் நல்ல பொறுமைசாலி. வளையக் குழாயை ஒரு தாங்கியில் வைத்து, யன்னலுக்கு வெளியே, ஆற்றுக்கு அப்பால் இருந்த சேர்ச் மணிக்கூட்டுக்கு நேரே பிடித்தார். என்னைப் பார்க்கச் சொன்னார். மணிக்கூட்டின் நடுவில் சிலுவைக் கோடு நின்றது. "இப்ப தலையைக் கொஞ்சம் மேலை கீழை ஆட்டு" என்றார். ஆட்டினேன். குழாய் அசையவில்லை, மணிக்கூடும் அசையவில்லை, ஆனால் சிலுவை பன்னிரண்டுக்கும் ஆறுக்கும் நடுவில் மேலும் கீழும் உலாவியது. அதற்குப் பெயர் பறலாக்ஸாம். கண் கொஞ்சம் விலகினால் குறியும் விலகும். பிறகு அவர் வளையத்தைத் திருகினார். இப்போது நான் தலையை எப்படி ஆட்டினாலும் சிலுவை ஆணி அடித்த மாதிரி நின்றது.

"மொட்டைக் குழாயிலை?" என்று ஷெஃப் கேட்டார்.

"அதைத் தொழிற்சாலையிலையே நூறு மீற்றருக்குச் சரிக்கட்டிப் பூட்டியிருக்கு. நீங்கள் இருநூறுக்கு மேலை சுடுறேல்லைதானே? கண்ணை நடுவிலை வைச்சியள் எண்டால் ஒரு விரல் அளவும் விலகாது. உங்களுக்கு இதுதான். வளையம் இலக்குப் பலகைக்குச் சுடுறவைக்கு. மலையிலை திருக நேரமும் இல்லை, கை குளிரிலை விறைச்சிருக்கும், ஆடும் நிக்காது."

ஷெஃப் தலையாட்டினார். மொட்டைக் குழாயைக் கையில் எடுத்தும்விட்டார். விசயம் முடிந்த மாதிரித்தான். அந்த நேரம் பார்த்து நான் வளையக் குழாயை ஒருதரம் தூக்கிப் பார்க்கக் கை நீட்டினேன். கடைக்காரர் என் கையைப் பார்த்தார். என் ஜாக்கெட்டைப் பார்த்தார். "கண்ணாடியிலை விரல் படாமல், தயவுசெய்து" என்று சொல்லிக் குழாயைத் தன் பக்கம் நாலு விரல் அளவு இழுத்துவைத்தார்.

நாலு விரல்தான். எனக்கு நாலு மைல் தள்ளிவைத்த மாதிரி இருந்தது. அவர் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வாரோ என்னவோ, இப்போது யோசித்தால் சொல்வார் என்றுதான் படுகிறது. அன்றைக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. என் டொய்ச்சில் இருந்த எல்லாச் சொல்லையும் ஒன்றாகக் கூட்டி ஒரு பிரசங்கம் செய்தேன்.

"ஷெஃப், மொட்டை நல்லாயில்லை. எங்கடை நாட்டிலை பண்டி கிட்ட, மான் தூர, யானை இன்னும் தூர. வளையம் இல்லாமல் ஒருத்தரும் காட்டுக்குப் போகார். நூறு மட்டும் எண்டால், ஆட்டுக்குச் சொல்லவேணும், நூறிலை வந்து நில் எண்டு."

கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஷெஃப் என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். ஊரில் றேடியோ வாங்கப் போனாலும் நாங்கள் இப்படித்தான்: திருகாணி கூடினது எதுவோ அதுதான் திறம். அந்த ஞானத்தை வைத்துக்கொண்டு ஒரு சுவிஸ்காரனின் வேட்டையைத் தீர்மானித்தேன்.

"நாப்பது பண்டி சுட்டவன் சொல்லுறான்" என்று ஷெஃப் வளையக் குழாயை எடுத்தார்.

கடைக்காரர் அதைப் பெட்டியில் வைத்துக் கட்டித் தந்தார். கட்டும்போது வளையத்தை ஒருதரம் தடவிப் பார்த்தார், பெண்பிள்ளையைக் கண்காணாத இடத்துக்குக் கட்டிக்கொடுக்கிற மாதிரி.

ஷெஃப் அதைத் துவக்கில் பூட்டி, சுடுகளத்தில் சரிபார்த்து, எல்லாம் திறம் என்று வந்து சொன்னார். அங்கத்தைய குழாய்கள் கழற்றிப் பூட்டக்கூடியவை. "துவக்கு என்னோடை, குழாய் உன்னோடை. உன்ரை தெரிவு, நீதான் தூக்க வேணும். நாளைக்குப் போறம்" என்று தோல் உறையோடு என்னிடம் தந்தார். எனக்குப் பெரிய ஆறுதல். குழாய் துவக்கு இல்லை. பொலிஸ் பிடித்தால் தூரக்கண்ணாடி என்று சொல்லலாம்.

அன்றைக்குப் பின்னேரம் யன்னலில் இருந்து அதால் உலகத்தைப் பார்த்தேன். தெருவுக்கு அப்பால் ஒரு தேநீர்க்கடை. அதன் கண்ணாடிக்குள் இருந்த கேக்குகளைப் பார்க்க வளையத்தை 50க்குத் திருப்பினேன். செரிப்பழத்தின் காம்பு வரை தெரிந்தது. குலமும் வாங்கிப் பார்த்தான். இரண்டு பேருமாகக் கேக் பார்த்தே பொழுது போனது.

விடிந்ததும் குளித்துவிட்டு வந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது: புதுச் சாமான், முதல்தரம் வேலைக்குப் போகிறது, ஒரு பொட்டுக் கூட வைக்கவில்லை! எங்கள் ஆட்கள் புதுச் சைக்கிளுக்கு வைப்பார்கள், தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு வைப்பார்கள், தையல் மெசினுக்கு வைப்பார்கள். ஷெஃப்பின் மானமும் என் குளிர்காலமும் இந்தக் குழாயில் தொங்குகிறது, இதற்கு வைக்காமலா?

அலுமாரிக்குள் பிள்ளையார் படத்துக்கு முன்னால் குழாயை வைத்தேன். அம்மா அனுப்பிய சந்தனப் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசினேன். வழுவழுப்பான இரும்பு, பொட்டு வழிந்து இறங்கிவிட்டது. இரண்டாம் தரமும் வழிந்தது.

குலம் கட்டிலில் இருந்து எட்டிப் பார்த்தான். "என்ன மச்சான், துவக்குக் குழாய்க்குக் கலியாணமோ?"

"நிக்குதில்லையடா."

"தேன் போட்டுக் குழை. நிக்கும்."

காலைச் சாப்பாட்டு மண்டபத்தில் ஆட்களுக்கு வைக்கிற குட்டித் தேன் பெட்டி இரண்டு எங்கள் அலுமாரியில் இருந்தது. (எப்படி வந்தது என்று கேட்கவேண்டாம்.) தேனில் குழைத்தேன். ஆகா, அப்படியே நின்றது! வளையத்துக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு மெல்லிய இடுக்கு. அதைச் சுற்றி மூன்று பெரிய பொட்டு, மேலே குங்குமம். ஷெஃப் கண்டால் என்ன சொல்வாரோ என்று பிறகு வெளியில் தெரிந்ததைத் துடைத்தும் விட்டேன். துடைக்கும்போது பாதி இடுக்குக்குள் போனது. உள்ளே போனால் இன்னும் விசேசம் என்று நினைத்தேன். உறையில் போட்டு மூடினேன்.

மலையைப் பற்றி நான் அதிகம் சொல்லமாட்டேன். மூன்று மணித்தியாலம் ஏற்றம். என் சப்பாத்தும் செத்துப்போன கிழவருடையதுதான், அவருக்கு என்னைவிடப் பெரிய கால். ஷெஃப் முன்னால் ஆடு மாதிரி ஏறினார். நான் பின்னால் இடுப்பு நாரியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மேலே போகப் போகக் குளிர். செப்டெம்பரிலேயே புல்லில் பூம்பனி. அந்தக் குளிரில் தேன் என்ன ஆகும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இருக்கவில்லை.

ஒரு பாறை விளிம்பில் ஷெஃப் சட்டென்று படுத்தார். நானும் படுத்தேன். எதிர்ச் சரிவில் ஒரு கிடாய், தனியாக, பக்கவாட்டில், புகைப்படத்துக்கு நிற்கிற மாதிரி நின்றது.

"குழாய்" என்றார் கிசுகிசுப்பாக. கொடுத்தேன். சத்தம் இல்லாமல் பூட்டினார். கண்ணை வைத்தார். கண்ணை எடுத்தார். மறுபடி வைத்தார்.

"பனிப்புகார்" என்றார்.

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு பொட்டு முகில் இல்லை. "ஓம் ஷெஃப், புகார்தான்" என்றேன். (வாய் அப்படித்தான். முதலில் ஓம்.)

"நூற்றெண்பது மீற்றர் இருக்கும். வளையத்தை இருநூறுக்குத் திருப்பு. நான் தலையை எடுக்கேலாது, ஆடு காணும்."

வளையம் இருந்தது குழாயின் முன் நுனியில். நான் வயிற்றால் ஊர்ந்து போய்க் கையை நீட்டித் திருகினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினேன். கொடுப்புப் பல்லை இறுக்கித் திருகினேன். வளையம் 50இல் நின்றது. மலையோடு சேர்த்து வார்த்த மாதிரி நின்றது.

"திருப்பு!"

"திருப்புறன், ஷெஃப்."

"எதைத் திருப்புறாய்? எனக்கு ஆடு மா பிசைஞ்ச மாதிரித் தெரியுது!"

அவர் பெருமூச்சு விட்டு, பூட்டைத் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்துப் பையில் போட்டார். "இப்ப வடிவாப் பிடிச்சுத் திருப்பு" என்றார். நான் வாயால் ஊதிச் சூடாக்கினேன். கம்பளித் தொப்பியால் சுற்றித் திருகினேன். கடைசியில் வேறு வழி இல்லாமல், துவக்கின் மேலே கவிழ்ந்து, வளையத்தைப் பல்லால் கடித்துத் தலையை இடமும் வலமும் முறுக்கினேன்.

அப்போதுதான் என் நாக்கு எனக்கு உண்மையைச் சொன்னது. இனித்தது. சந்தனம் மணத்தது.

வாயில் குழாயோடே கண்ணை உயர்த்திப் பார்த்தேன். கிடாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரத்திலும் அதன் முகத்தில் ஒரு ஆச்சரியம் எனக்குத் தெரிந்தது. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. பிறகு மூக்கால் ஒரு விசில் அடித்துவிட்டு, அவசரமே இல்லாமல் பாறைக்குப் பின்னால் போனது. அந்த விசில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஊரில் படம் சரியில்லாவிட்டால் தியேட்டரில் அடிக்கிற விசில்.

கீழே இறங்கும்வரை ஷெஃப் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சொல்லிவிடுவோம் என்று நான் பத்துத்தரம் வாய் திறந்தேன். என் டொய்ச்சில் சட்டி இருந்தது, கரண்டி இருந்தது, சூடு, கவனம், கெதியா எல்லாம் இருந்தது. சந்தனம் இல்லை. மன்னிப்பு இருந்தது, ஆனால் அது தட்டு உடைந்தால் சொல்கிற அளவுதான்.

கார்க் கதவை அடித்துச் சாத்திவிட்டுத்தான் அவர் வாய் திறந்தார். "நாளைக்குத் தூனுக்குப் போறம். அந்தக் கடைக்காரனோடை எனக்குக் கதை இருக்கு. வேட்டைக் காலத்திலை அதுக்குப் பிறகு ஒரு நாள்தான் மிச்சம்."

அறையில் குலத்திடம் சொன்னேன். அவன் கட்டிலில் விழுந்து சிரித்து, சுவரில் தலையை இடித்து, மறுபடி சிரித்தான். பிறகு திடீரென்று நிறுத்தினான்.

"தேன் நான்தான் சொன்னனான். அதைச் சொல்லிப்போடாதை, மச்சான்."

"உனக்குக் குளிர்கால வேலை, எனக்கு விடுதி. இப்ப சந்தோசம்தானே?"

"விசர்க்கதை கதையாதை. ஆனா நாளைக்கு வெள்ளிக்கிழமை, கும்பிட்டிட்டுப் போ" என்றான்.

கும்பிட்டேன். வழக்கம்போல நெற்றியில் விபூதி, நடுவில் சந்தனப் பொட்டு. முதல்நாள் குழைத்த கிண்ணத்தில் மிச்சம் இருந்தது, அதையே வைத்தேன். தேன் போட்ட சந்தனம். எவ்வளவு புத்திசாலி பாருங்கள்!

கடைக்காரர் குழாயை வாங்கி, வளையத்தைத் திருகிப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார். சட்டைப் பையில் இருந்து ஒரு சாவியை எடுத்து மூன்று குட்டி ஆணியைக் கழற்றி, வளையத்தை மெல்ல உரித்தார். உள்ளே, புரி முழுக்க, மஞ்சளாக ஏதோ கட்டிபட்டு இருந்தது. நகத்தால் சுரண்டி மணந்தார். முகம் மலர்ந்தது.

"இது கிறீஸ். புது வகையான கிறீஸ் போட்டிருக்கினம். குளிரிலை இறுகிப்போச்சு. நல்ல வாசம். தொழிற்சாலைக்கு இண்டைக்கே எழுதுறன், இப்பிடியெல்லாம் செய்யக்கூடாதெண்டு."

ஷெஃப் கையை நீட்டினார். அந்த மஞ்சளில் கொஞ்சத்தை விரல் நுனியில் எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

நான் சொன்னேனே, அந்த மூக்கைப் பற்றி. கண்ணை மூடி ஒருதரம் இழுத்தார். அவர் எதை மணக்கிறார் என்று எனக்குப் படிப்படியாகத் தெரிந்தது: முதலில் தேன். எங்கள் ஹோட்டலின் காலைச் சாப்பாட்டுத் தேன். பிறகு மற்றது. கண்ணைத் திறந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தை இல்லை, நெற்றியை. குனிந்து, என் நெற்றியில் இருந்து ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்து, இன்னொருதரம் இழுத்தார்.

அந்தக் கடையில் ஒரு சுவர் மணிக்கூடு இருந்தது. அது ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

நிமிர்ந்து கடைக்காரரிடம் சொன்னார்: "எனக்கு மொட்டைக் குழாயைத் தாங்கோ. நீங்கள் முதல் சொன்னதுதான் சரி."

வெளியே வந்து, ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்றார். தள்ளிவிடப் போகிறார் என்றே நினைத்தேன். தண்ணீர் பச்சையாக, குளிராக ஓடியது.

"நீ எத்தினை பண்டி சுட்டனி?"

"ஒண்டும் இல்லை, ஷெஃப்."

"துவக்குப் பிடிச்சிருக்கிறியோ?"

"இல்லை. துவக்கெண்டால் பயம்."

"அப்ப காட்டிலை என்ன செய்தனி?"

"சோத்துப் பானை தூக்கினனான்." கொஞ்சம் யோசித்து, மிச்சத்தையும் சொன்னேன். "வெடி கேட்டவுடனை அதையும் போட்டிட்டன்."

ஷெஃப் ஆற்றைப் பார்த்தார். கழுத்து இல்லாத அந்த உடம்பு குலுங்கத் தொடங்கியது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு.

"மடையா" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பானை தூக்கினனான் எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே. எனக்குக் குளிருக்கு வேண்டியது பானைக்கு ஆள்தானே! வேட்டைக்காரனை வைச்சு நான் குசினியிலை என்ன செய்ய? என்ரை குசினி பதினாலு மீற்றர். அதுக்குள்ளை உனக்கு எல்லாம் வடிவாத் தெரியுது. அம்பதுக்கு அங்காலை உள்ளதைப் பற்றி இனி வாய் திறக்காதை."

அடுத்த நாள் அவர் தனியாகப் போய், மொட்டைக் குழாயால் ஒரே வெடியில் கிடாயைக் கொண்டுவந்தார். அதே கிடாய்தான் என்று சத்தியம் செய்தார். அதைச் சமைத்த சட்டியை நான்தான் கழுவினேன். குளிர் முழுக்க அங்கேயே கழுவினேன்.

குலம் அந்தக் குளிரில் விடுதியில் கிடந்து, பிறகு ஓல்டனில் ஒரு பொருட்கிடங்கில் வேலை எடுத்தான். தேன் யோசனை அவனுடையது என்பதை முப்பத்தைந்து வருசமாக நான் காப்பாற்றினேன். இப்போது எழுதிவிட்டேன், கோபித்தால் கோபிக்கட்டும். ஏனென்றால் மிச்சம் எல்லாவற்றையும் அவன் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் சொல்லிவிட்டான். என் கலியாணத்தில், தாலி கட்டி முடிந்த கையோடு, மனிசியிடமே சொன்னான். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பேச்சு. எனக்குத் தெரியாத எதையாவது, காணி விலையோ, கொம்பியூட்டரோ, சுவிஸ் அரசியலோ, நான் தெரிந்த மாதிரி தொடங்கினால், மனிசி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு சொல்வா: "இவர் அம்பதிலை நிக்கிறார்." பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். இப்போது அட்லிஸ்வில்லில் மகள் வீட்டில் இருக்கிறேன். அவள் புதுக் கார் வாங்கிய அன்று நான் சந்தனக் கிண்ணத்தோடு இறங்கிப் போனேன். "அப்பா, திருகுற இடம் ஒண்டிலையும் வைக்காதேங்கோ" என்று மேல்மாடியில் இருந்து சத்தம் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

எல்லோரும் சிரித்தாயிற்று. ஒரு ஆள் மட்டும் மிச்சம். அந்தக் கடைக்காரர் உண்மையாகவே தொழிற்சாலைக்கு எழுதினார் என்று ஷெஃப் பிறகு சொன்னார். அங்கே யாரோ ஒரு அப்பாவி, இல்லாத ஒரு கிறீஸைத் தேடி எத்தனை நாள் மண்டையை உடைத்தானோ. முதலிலேயே சரியான குழாயைச் சொன்ன மனிசன், சரியாகச் சொன்னதற்கு ஒரு நன்றியும் இல்லாமல், செய்யாத பிழைக்கு மன்னிப்பும் கேட்டு, மாற்றியும் தந்தார். என் ஜாக்கெட்டை அவர் ஒரு பார்வை பார்த்ததற்கு, நான் அவரை இத்தனை வருசம் பொய்யில் வைத்திருக்கிறேன். கணக்கு சரியில்லை.

ஆகவே இதை வாசிக்கிறவர்கள் தூன் பக்கம் போனால், ஆற்றங்கரையில் பச்சைக் கதவுக் கடையைக் கண்டால், உள்ளே போய்ச் சொல்லிவிடுங்கோ. அவர் இல்லாவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லுங்கோ. கிறீஸில் பிழை இல்லை, அது சந்தனமும் தேனும். மொட்டைக் குழாய்தான் திறம் என்று ஒரு சலாது கழுவுகிறவன் ஒத்துக்கொண்டான் என்று சொல்லுங்கோ. கண்ணாடியில் விரல் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

நானே போய்ச் சொல்லலாம்தான். ஆனால் இங்கிருந்து தூன் ஐம்பது மீற்றருக்கு மேலே.